அலை வராத கனவுகள்

செவ்வந்தி நாகப்பட்டினத்தில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்தபோது சுனாமி வந்து இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. காலையில் பிரஷர் பார்க்கக் கையை நீட்டுகிறவர்கள், விடியும்போது கண்ட கனவையும் சொல்வார்கள். கடலோடு போனவர்கள் கனவில் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி நாற்றங்கால் நடுவே நடந்து வந்தாள். காலில் சேறே ஒட்டவில்லை. ஒருவர் வந்து இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார். பெயர் போடமாட்டேன் என்று சொல்லிச் சம்மதம் வாங்கி, பதினைந்து வருடம் அவள் எழுதி வைத்தாள்.

அவள் அனுப்பிய கைப்பிரதியைச் சென்னைப் பதிப்பாளர் ஒருவர் படித்துவிட்டு போன் செய்தார்.

"அருமையா இருக்குங்க. நாங்களே போடுறோம். ஆனா தலைப்புல சுனாமின்னு வரணும். அட்டையில அலை இருக்கணும்."

"இதுல எங்கயுமே அலை வரலியே சார். வர்றாங்க, உக்காந்து சாப்பிடுறாங்க, போறாங்க."

"அப்படிப் போட்டாத்தாங்க எல்லா ஊருக்கும் போகும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர் தபாலில் அனுப்பிய ஒப்பந்தத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறினாள். வலங்கைமான் வரைக்கும் சம்பா வயல்கள் பச்சையாக அசைந்துகொண்டே வந்தன. தூக்கமும் விழிப்புமாக இருந்தவளுக்கு, வரப்புகளில் யார் யாரோ நிதானமாக நடந்து போவது போலிருந்தது. அவர்களை மறுபடி கடலுக்குள் தள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

தஞ்சாவூர் அச்சகத்தில் தானே முந்நூறு பிரதி போட்டாள். இளம்பச்சை அட்டை, படம் கிடையாது. எழுத்துப்பிழைகள் இருந்தன. கடைக்காரர்கள் வாங்கவில்லை. புத்தகக் கண்காட்சியில் அந்தப் பதிப்பகத்தின் அரங்கைக் கடந்துபோனாள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று அன்றைக்கு முழுவதும் நினைத்தாள்.

ஒரு மதியம், முத்துப்பேட்டையில் படகு ஓட்டும் ஜாஹித் என்பவன் அந்தப் புத்தகத்தோடு வார்டு வாசலில் வந்து நின்றான்.

"நாப்பத்தி மூணாம் பக்கம். ஒரு பையன் வந்து தலைதுவட்டச் சொல்றான்ல, அது எங்க உம்மா சொன்னதுதானே?"

அவள் தயங்கினாள்.

"பேரு சொல்ல வேணாம் சிஸ்டர். அந்தப் பையன் கடலோட போன எங்க அண்ணன். குளிச்சிட்டு வந்தா உம்மாதான் தலை துவட்டணும்பான். உம்மா போன வருசம் மவுத்தாயிட்டாங்க. எங்ககிட்ட ஒரு நாளும் அவனைப் பத்திப் பேசுனதில்ல."

செவ்வந்தி பெஞ்சில் உட்கார்ந்து அவனையும் உட்காரச் சொன்னாள்.

"இதைச் சொல்லும்போது உம்மா அழுதாங்களா?"

"இல்லப்பா. சிரிச்சாங்க. தலைமுடி வாசம் அப்படியே கையில இருக்குன்னு விரலை மோந்து பாத்தாங்க."

ஜாஹித் புத்தகத்தை மடியில் வைத்து, அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தான்.