மூட்டுவலித் தூள்

கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சக்காலம் மூட்டுவலித் தூள் விற்றேன். கண்டி டவுனில் ஒருவர் பொட்டலம் கட்டித் தருவார். உள்ளே என்ன என்று நான் கேட்டதில்லை. வலி மறுநாளே போய்விடும்.

கொழுந்து பறிக்கும் மாரியாயி அக்கா ஒரு வருடம் விடாமல் வாங்கினார். முகம் உருண்டு மினுங்கியது. "சம்பளம் கூடாட்டியும் சதை கூடிருச்சு பாரு தம்பி" என்று சிரித்தார். எனக்கும் பெருமைதான்.

பிறகு சலித்துப்போய், யாரிடமும் சொல்லாமல் தெல்தெனியவுக்கு மேசன் வேலைக்குப் போய்விட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தால், அக்கா ஆஸ்பத்திரியில் என்றார்கள். ஓடினேன். வாந்தியெடுத்து நினைவில்லாமல் கிடந்தார். பிரஷர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"என்ன மருந்து குடிச்சாங்க?" என்று அக்காவின் மகளிடம் டொக்டர் கேட்டார்.

"மருந்தெல்லாம் இல்லீங்க" என்றாள். தூளை அவள் மருந்தாகவே நினைக்கவில்லை.

என் பையில் ஒரு பொட்டலம் மிச்சம் கிடந்தது. நான் பேசாமல் நழுவிப் போயிருக்கலாம். எடுத்து நீட்டினேன். "நான்தான் குடுத்தேன் சேர்."

டொக்டர் உடனே ஊசி போடச் சொன்னார். "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும். முகம் உப்பினதும் அதாலதான். சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி சுரக்க வேண்டியத நீங்க வெளியில இருந்து குடுத்தா, அது வேலைய விட்டுரும். திடீர்னு நிப்பாட்டினா ஆள் போயிரும். அதான் இப்ப அதையே ஊசியில குடுக்கிறோம்."

பின்னேரம் அக்கா கண் திறந்தார். டொக்டர் பேனாவை எடுத்தார்.

"வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க? பேரச் சொல்லுங்க."

அக்காவைத் தவிர வேறு யாருடைய பெயரையும் நான் கேட்டு விற்றதில்லை. இப்போது தோட்டக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கி விசாரிக்கிறேன். சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏன் என்று பக்கத்து வீட்டில் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.