ஏழாம் கட்டுரையின் நாலாம் பந்தி

"நான் எழுதின ஒரு வரியை இண்டுவரைக்கும் திருப்பி எடுத்ததில்லை. இனியும் எடுக்கமாட்டன். சரித்திரம் எண்டது கல்லிலை வெட்டிறது, கரும்பலகையிலை எழுதி அழிக்கிறதில்லை!"

1967ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து அரியாலை வாசிகசாலையின் ஆண்டு விழாவில் சிவசுப்பிரமணியம் மாஸ்டர் இப்படி முழங்கியபோது சபை கைதட்டியது. முன்வரிசையில் நித்திரையாயிருந்த தலைவரும் திடுக்கிட்டு விழித்து, எதற்கென்று தெரியாமலே கைதட்டினார்.

திடுக்கிடுவது மாஸ்டருக்கும் புதிதல்ல. சரித்திரம் படிப்பித்து அவர் சம்பளம் வாங்கினார். சரித்திரக் கட்டுரை எழுதியது மனித குலத்துக்காக. 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த கிழமையில் 'இனம் என்பது யாது?' என்று முதற் கட்டுரை எழுதினார். அதன் முதல் வார்த்தை 'திடுக்கிட்டேன்'. ஞாயிற்றுப் பத்திரிகை அதைப் பெரிய எழுத்தில் போட்டது. பிறகு அந்தச் சொல்லை விட அவருக்கு மனம் வரவில்லை. 58 இனக் கலவரத்துக்கு மூன்று ஞாயிறு தொடர்ந்து திடுக்கிட்டார். அமெரிக்காவில் கறுத்த மனிதர் பஸ்ஸின் பின்பக்கத்தில் இருக்கவேண்டும் என்று வாசித்துத் திடுக்கிட்டார். தென்னாபிரிக்காவுக்காக ஒரு வருடம் முழுவதும் திடுக்கிட்டார். உலகின் எந்த மூலையில் மனிதனை மனிதன் தாழ்த்தினாலும், அரியாலையில் ஒருவர் சாய்மனைக் கதிரையிலிருந்து துள்ளி எழும்புவார் என்பது நிச்சயமாயிற்று. தொடக்கத்தில் அவருடைய மனைவி கனகாம்பிகை செம்பில் தண்ணீரோடு ஓடிவந்து பார்ப்பாள். பிறகு அடுப்படியில் இருந்தபடியே, "இண்டைக்கு எந்த நாடு?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இப்படி உலகம் ஏறக்குறைய முடிந்துபோகவே, உள்ளூரைப் பற்றியும் எழுதலாமே என்று பத்திரிகை ஆசிரியர் கடிதம் போட்டார். 'நமது கடலோர மக்கள்: ஒரு சமத்துவ நோக்கு' என்று பன்னிரண்டு கட்டுரைகளுக்கு மாஸ்டர் திட்டம் போட்டார். முதற் பகுதி குருநகர்.

குருநகர் அவருடைய வீட்டிலிருந்து மூன்று மைல். மாஸ்டர் அங்கே போனதில்லை. போகக்கூடாது என்ற கொள்கை எதுவும் அவருக்கு இல்லை. ஐம்பத்திரண்டு வருடமாகப் போகவேண்டி வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் ஆராய்ச்சிக்கு அது ஒரு தடையே அல்ல. குருநகர்தான் நாள் தவறாமல் அவருடைய வாசற் படலைக்கு வந்துகொண்டிருந்ததே!

வந்தவள் பெயர் யோசப்பின். தலையில் பனையோலைக் கடகம் நிறைய மீனோடு ஏழரை மணிக்கு வருவாள். படலைக்கு வெளியே இறக்கிவைத்து ஒரு குரல் கொடுப்பாள். கனகாம்பிகை சட்டியோடு போய்ப் படலைக்கு உள்ளே நிற்பாள். மீன் மேலிருந்து சட்டிக்குள் விழும். கையும் கையும் சந்திப்பதில்லை. இதில் ஒரு பகையும் கிடையாது, இருவரும் பிள்ளைகளின் காய்ச்சல் இருமல் பற்றியெல்லாம் கதைப்பார்கள். படலை மட்டும் திறக்காது. பதினொரு வருடமாக நடந்துவந்த வழக்கம் அது.

அந்தப் படலையடியில்தான் மாஸ்டர் தம் கள ஆய்வை நடத்தினார். கொப்பியும் பென்சிலுமாகப் படலைக்கு உள்ளே நின்று கேள்வி கேட்பார். வெயிலில் நின்றபடி யோசப்பின் பதில் சொல்வாள். ஆறு கட்டுரைகள் அந்தவிதமாய் வெளிவந்து, சமத்துவத்தை நேசிக்கும் பலரைக் கண்கலங்க வைத்தன.

வாசிகசாலை முழக்கத்துக்கு அடுத்த ஞாயிறு ஏழாவது கட்டுரை வந்தது. அதன் நாலாம் பந்தி இது:

'குருநகரில் ஒரு மூதாட்டியின் குடிசையில் அமர்ந்திருந்தேன். அவள் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன். அண்மைப் புயலில் மாண்ட ஒருவரின் மனைவியை, நாற்பதாம் நாள் முடிந்ததும் அவர் தம்பியே ஏற்றுக்கொண்டார். அண்ணன் மனைவியைத் தம்பி மணப்பது அவர்கள் வழக்கம். விதவை என்ற கொடுமையை அறியாத இம்மக்கள் முன் நாம் தலைகுனிவோமாக.'

யோசப்பின் சொன்னது வேறு. புயலில், வள்ளமும் வலையும் சொந்தமாயுள்ள சந்தியோகுச் சம்மாட்டியின் அண்ணன் கடலோடு போய்விட்டார். நாற்பதாம் நாள் பூசை முடிந்த கையோடு சம்மாட்டி, அண்ணன் மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சாப்பாட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இதைக் கொப்பியில் குறித்த மாஸ்டர் உள்ளே போய், தென்கடல் தீவுகளைப் பற்றிய ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை விரித்தார். அண்ணன் மனைவியைத் தம்பி மணப்பதைப் பற்றி அதில் முழு அதிகாரமே இருந்தது. பசிபிக்கில் இருப்பது குருநகரை ஒட்டிய பண்ணைக் கடலில் இல்லாமற் போகுமா? மாஸ்டருக்கு அறிவின் வெளிச்சம் பட்டது. எழுதிவிட்டார்.

திங்கட்கிழமை யோசப்பின் வரவில்லை. செவ்வாய் வீட்டில் சைவம் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. புதன்கிழமை வந்தாள், குரல் கொடுக்கவில்லை. சட்டியோடு போன கனகாம்பிகை கடகத்தை எட்டிப் பார்த்தாள். அதற்குள் ஒரு நெத்தலிகூட இல்லை.

"என்னடி, எல்லாத்தையும் வித்துப்போட்டே இஞ்சை வாறாய்?"

"வாங்கினால்தானே அம்மா விக்க? வாத்தியாரைக் கூப்பிடுங்கோ."

மாஸ்டர் உற்சாகத்தோடு கொப்பியும் கையுமாக வந்தார். "வா யோசப்பின். இண்டைக்குக் கிழிஞ்ச வலை பொத்திற விதத்தைப் பற்றி…"

"ஐயா, அந்த மூதாட்டி ஆர்?"

"எந்த மூதாட்டி?"

"குடிசையிலை உங்களோடை இருந்து கதைச்சவ. எனக்கு நாப்பத்திரண்டு வயது. என்ரை ஆச்சி செத்துப் பதினைஞ்சு வருசம். ஊர் முழுக்க விசாரிச்சுப் பாத்தம். வேட்டி கட்டின வாத்தியார் ஒருத்தர் வந்து குந்தியிருந்த குடிசை ஒண்டையும் காணேல்லை."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "அது வந்து… அது ஒரு எழுத்து நடை."

"நடந்தே வந்திருக்கலாம். மூண்டு மைல்தானே."

கனகாம்பிகை சட்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு வசதியாக நின்றாள்.

"மீன்பிடிச் சங்கத்துக் கிளாக்கர் உங்கடை பேப்பரைத் துறையிலை வைச்சுப் பலத்து வாசிச்சவர்," என்றாள் யோசப்பின். "புயலிலை அண்ணனைப் பறிகுடுத்த தம்பி எண்டால் எங்கடை துறையிலை சந்தியோகுச் சம்மாட்டி ஒராள்தான். அவருக்குப் பெஞ்சாதி இருக்கிறா, அஞ்சு பிள்ளையள் இருக்கினம். தமையன்ரை பிள்ளையளுக்குச் சோறு போட்ட மனுசனுக்கு நீங்கள் ரெண்டாங் கலியாணம் கட்டி வைச்சிட்டியள். அந்த அக்கா ஞாயிறு தொடக்கம் வெளியிலை முகம் காட்டேல்லை. கோயிலுக்குமில்லை, கிணத்தடிக்குமில்லை."

"நான் உங்களைப் புகழ்ந்தெல்லோ எழுதினனான்!"

"ஓம். அதுதான் கரைச்சல். ஏசி எழுதியிருந்தால் வழக்கமான கதை எண்டு விட்டிருப்பம்."

மாஸ்டர் கொப்பியை மூடினார். யோசப்பின் விடவில்லை.

"அரியாலைக்கு மீன் கொண்டு வாறது நான் ஒருத்தி. வாத்தியாருக்கு ஆர் சொன்னதெண்டு துறையிலை எல்லாருக்கும் தெரியும். யோசப்பினுக்கு இனி மீன் விலை கூறமாட்டன் எண்டு சம்மாட்டி சொல்லிப்போட்டார். மற்றச் சம்மாட்டிமாரும் அவரைப் பாத்து வாயை மூடிப்போட்டினம். மூண்டு நாளாய் வெறுங் கடகம். என்ரை நாலு பிள்ளையளும் என்னத்தைத் தின்னிறது ஐயா, உங்கடை கட்டுரையையோ?"

"சரி, சரி. பன்னிரண்டாங் கட்டுரையிலை ஒரு விளக்கம் போடுறன்."

"அதுக்கு அஞ்சு கிழமை கிடக்கு. நாங்கள் அதுவரைக்கும் பட்டினி கிடந்து தவசு காலம் அனுட்டிக்கிறதோ? எழுதினது பிழை எண்டு வந்து சொல்லுங்கோ."

"எழுதினதை எடுக்கேலாது யோசப்பின். அது இப்ப ஆவணம். எனக்கெண்டு ஒரு பேர் இருக்கு."

"எனக்கும் ஒண்டு இருந்தது," என்றாள் அவள். கடகத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். "பதினொரு வருசமாய் நான் படலைக்கு வெளியிலை நிக்கிறன். அங்கை நிண்டு நான் சொல்லுறன். நீங்கள் உள்ளுக்கை நிண்டு எழுதிறியள். உதிலை எது சமத்துவம் எண்டு வாற ஞாயிறு போடுங்கோ, வாசிச்சுப் பாப்பம்."

அவள் போய்விட்டாள்.

மாஸ்டர் படலையைப் பார்த்தார். தாம் தினமும் திறந்து மூடிய படலைதான். அலபாமா பஸ்ஸில் எந்த ஆசனம் யாருக்கு என்று வரிசை வரிசையாக அவருக்குத் தெரியும். கண்முன் நின்ற ஐந்தடிப் படலையைப் பற்றி அவர் கொப்பியில் ஒரு குறிப்பும் இல்லை. அன்று அவர் மெய்யாகவே திடுக்கிட்டார். கொப்பியை விரித்துப் பென்சிலை வைத்தார், ஒரு எழுத்தும் விழவில்லை. மெய்யான திடுக்கிடலுக்கு வசனம் வராது என்பது அந்த வயதில் அவருக்குக் கிடைத்த புதிய தகவல்.

"இஞ்சாருங்கோ," என்றாள் கனகாம்பிகை. "தென்னாபிரிக்காவுக்கே புத்தி சொன்ன மனுசனுக்குக் குருநகருக்குப் போக என்ன கேடு? சைக்கிளுக்குக் காத்தும் கிடக்கு."

"நீயும் சேந்தோ?"

"நான் சமத்துவத்துக்குச் சொல்லேல்லை. நாளைக்கும் கத்தரிக்காய் எண்டால் நானே திடுக்கிட்டுப் போவன்."

அடுத்த நாள் விடிய, நாலு பக்கத்தில் ஒரு விளக்கவுரையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மாஸ்டர் சைக்கிளில் ஏறினார். 'மானிடவியல் நோக்கில் ஒரு தெளிவு' என்பது தலைப்பு. அதில் பிழை என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாச் சொற்களும் இருந்தன.

துறையில் வள்ளங்கள் கரைக்கு வந்திருந்தன. மீனைக் குவியல் குவியலாக மணலில் கொட்டி, விலை கூறி விற்றுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை வேட்டியும் சால்வையுமாக ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மணலில் புதைந்து புதைந்து வருவதைக் கண்டதும் கூறியவர் விலையை மறந்தார். எல்லாரும் திரும்பினார்கள். காகங்கள் மாத்திரம் சமயம் பார்த்து ஆளுக்கொரு மீனோடு பறந்தன. யோசப்பின் வெறுங் கடகத்தோடு ஒரு கரையில் நின்றாள்.

"ஆர் நீங்கள்?" என்று கேட்டார் நெஞ்சு அகன்ற ஒரு மனிதர்.

"அரியாலை… சிவசுப்பிரமணியம்."

"ஓ! எனக்குக் கலியாணம் பேசின புறோக்கர்!" என்றார் அவர். அவர்தான் சந்தியோகுச் சம்மாட்டி.

சனம் சிரித்தது. சம்மாட்டியின் மனைவி சிரிக்கவில்லை. "நாப்பது நாளிலை மாப்பிள்ளையாம்! வீட்டிலை இருக்கிற ஒருத்தியைச் சமாளிக்கவே இவருக்கு ஏலாமல் கிடக்கு. எழுத முந்தி என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து நாலு பக்கத்தையும் எடுத்து விரித்தார். வாசிக்க வாயெடுத்தபோது, அப்பால் ஒரு வேலியோரம் கறுப்புச் சேலையால் தலையை மூடியபடி ஒரு பெண் நிற்பதைக் கண்டார். அவள் இவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு முகத்தை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். யாரென்று அவருக்கு ஒருவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மானிடவியல் கண்ணுக்குள் மங்கியது. அவர் தாள்களை மடித்தார்.

"நான் எழுதினது பிழை," என்றார்.

"காத்துக்குக் கேக்கேல்லை," என்றார் சந்தியோகு.

"நான் எழுதினது பிழை!" மாஸ்டர் குரலை உயர்த்தினார். "நான் இஞ்சை வரேல்லை. ஒரு குடிசையிலையும் இருக்கேல்லை. யோசப்பின் சொன்னது உண்மை. நீங்கள் பிள்ளையளைப் பாக்கிறியள் எண்டுதான் அவ சொன்னவ. அதைக் கலியாணமாய் மாத்தினது நான்."

அரியாலையிலிருந்து ஒருவர் வந்து மன்னிப்புக் கேட்பதை அந்த மணல் அதற்கு முன் கண்டதில்லை. ஏச்சுக்கு ஆயத்தமாக வந்தவர்களுக்கு இதை எப்படி ஏற்றுக்கொள்வது என்றே தெரியவில்லை.

"எங்களுக்கு உது போதும்," என்றார் சந்தியோகு கடைசியில். "பேப்பரை வாசிச்ச சனத்துக்கு?"

மாஸ்டர் ஒரு வள்ளத்தின் முன் அணியத்தில் தாளை வைத்து, நாலு பக்கத் தெளிவின் பின்புறத்தில் எழுதினார். 'ஏழாம் கட்டுரையின் நாலாம் பந்தி முழுவதும் பிழை. குருநகருக்குப் போகாமலே எழுதினேன். அதைத் திருப்பி எடுக்கிறேன்.'

"இஞ்சை தாங்கோ ஐயா, தபாலிலை நான் போடுறன்," என்றாள் யோசப்பின். "நீங்கள் அரியாலை போய்ச் சேர முந்தி உங்களுக்கு வேறை யோசினை வந்திடும்."

சம்மாட்டி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, முதற் குவியலுக்கு விலை கூறத் தொடங்கினார். மாஸ்டர் எழுதியதை இன்னொருமுறை வாசித்தார். ஒரு சொல்லும் மாற்றவில்லை. கீழே தம் முழுப்பெயரையும் ஊரையும் எழுதி அவளிடம் கொடுத்தார்.