போர்டு மாட்டியிருந்த அரைமணி நேரம்

அந்த போர்டு மூன்றடி நீளம், இரண்டடி அகலம். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்து. மாதுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்டரிடம் சொல்லி எழுத வைத்தேன். பெயின்ட் காய்வதற்காகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தபோது, நான் குனிந்து நின்று தமிழ், மராத்தி, இந்தி மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். மேலே பெரிதாக 'பெண்கள் பாதுகாப்பு அறை'. கீழே எங்கள் நிதியத்தின் பெயரும் சின்னமும். ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. சின்னத்தில் இருந்த பெண்ணின் கொண்டையை இரண்டு முறை மாற்றச் சொன்னதால் பெயின்டர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கவலைப்பட்டேன்.

நான் பயந்த சுபாவம். காஸை அணைத்தேனா என்று ரயில் ஏறிய பிறகு வீட்டுக்குப் போன் போடுகிற ரகம். அப்படிப்பட்டவளுக்குச் செம்பூரில் ஒரு பெண்கள் நிதியத்தில் வேலை கிடைத்திருந்தது. பலரிடம் பணம் திரட்டி, பெண்களின் உரிமைக்காக உழைக்கிற சின்னச் சின்னக் குழுக்களுக்குக் கொடுப்பதுதான் எங்கள் நிதியம் செய்வது. குழுக்கள் அனுப்பும் விண்ணப்பத்தைப் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, அறிக்கை வாங்கி ஃபைலில் சேர்ப்பது என் பொறுப்பு. கொடுத்தது எங்கே போயிற்று என்று மேலே உள்ளவர்கள் கேட்பார்கள். அவர்கள் கேட்பதற்குள் நானே என்னைப் பத்து முறை கேட்டிருப்பேன். ஃபைலில் ஒரு தாள் குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது.

அந்தக் குழு தாராவியில் இருந்தது. எந்தப் பகுதி, எந்த ஆண்டு என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த அளவுக்காவது எனக்குப் புத்தி வந்திருக்கிறது. குழுவின் செயலாளரை எல்லாரும் செக்ரட்டரி என்றே கூப்பிட்டார்கள். அவர் புருஷன்கூட அப்படித்தான் கூப்பிடுவாராம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். தைத்து வந்த ஜீன்ஸ் பேன்ட்டுகளில் தொங்கும் நூலை வெட்டுகிற வேலை அவருக்கு. பேசிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் பேசியது திருநெல்வேலித் தமிழ், படித்தது இந்திப் பள்ளிக்கூடம். அதனால் எங்கள் தமிழ் விண்ணப்பத்தை நான் படித்துக் காட்டுவேன், அவர் பதில் சொல்லுவார், நான் எழுதுவேன். அடி தாங்காமல் வெளியே வருகிற பெண்கள் சில நாள் தங்க ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கொடுத்தோம். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறிப்போக வேண்டும். நாலு தையல் மிஷின்கள், மூலையில் சுருட்டி வைத்த பாய்கள். அக்கம்பக்கத்துக்கு அது தையல் கிளாஸ்.

அந்த மாதம் அங்கே தங்கியிருந்தது ஒரே ஒரு பெண். தேவ்நாரிலிருந்து வந்தவள், இருபத்திரண்டு வயதிருக்கும். புருஷன் டெம்போ ஓட்டுகிறவன். இரண்டு முறை அம்மா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள், இரண்டு முறையும் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை அம்மா வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்துவிட்டாள். நான் முதல் தடவை போனபோது எனக்கு டீ கொடுத்தாள். தனக்கு ஊற்றியதைக் குடிக்கவில்லை. ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மிஷின் நின்றுவிடும். நான் அதைக் கவனித்தேன், குறிப்பேட்டிலும் எழுதினேன். எழுதியதோடு சரி.

உதவி பெறுகிற இடத்தில் போர்டு வைக்க வேண்டும், அதைப் போட்டோ எடுத்து அறிக்கையோடு சேர்க்க வேண்டும் என்பது எங்கள் விதி. கிணறு, பால்வாடி, கம்ப்யூட்டர் வகுப்பு எல்லாவற்றுக்கும் அதே விதி. செக்ரட்டரியிடம் போனில் சொன்னேன்.

"போர்டு வேண்டாமே மேடம். இங்கன எல்லாரும் பாப்பாவல்லா."

"பார்க்கறதுக்குத்தானே போர்டே வைக்கறோம்" என்று சொல்லிச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. நான் விடவில்லை. போர்டைக் கொடுத்தனுப்பினேன். மாட்டவில்லை என்று தெரிந்ததும் ஒரு கடிதம், பிறகு இன்னொரு கடிதம். மூன்றாவதில், போட்டோ வராவிட்டால் அடுத்த தவணையை அனுப்ப இயலாது என்று எழுதினேன். அந்தத் தவணைதான் அறை வாடகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு என் கண்ணுக்குத் தெரிந்தது ஃபைலில் காலியாக இருந்த இடம்தான். அவருக்கும் வேறு வழியில்லை. வியாழக்கிழமை மத்தியானம் வாங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க, உடனே கழட்டிருவேன் என்றார்.

போனேன். ஏணிக்குப் பக்கத்துச் சுவரில் ஆணி அடித்துத் தயாராக வைத்திருந்தார். "ஜல்தி எடுங்க மேடம்" என்றார். ஒன்று எடுத்தேன், வெயில் பட்டுத் தகரம் பளிச்சென்று எழுத்தை மறைத்தது. நிழல் வரட்டும் என்று நின்றேன். பிறகு குழுப் பெண்களை போர்டுக்குக் கீழே வரிசையாக நிற்கச் சொன்னேன். ஒருத்தி தலையைக் குனிந்தாள், நிமிரச் சொன்னேன். இதற்குள் ரோட்டில் ஒரு டெம்போ முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்தது. மேலே ஒரு மிஷின் சத்தம் நின்றது. டெம்போக்காரர் ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு, பொழுது போக வேண்டுமே என்று, போர்டில் இருந்த இந்தியை நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் சேர்த்து அரைமணி நேரம் இருக்கும்.

நல்ல போட்டோ. அன்று சாயங்காலமே மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் ஆபீஸில் பையை வைப்பதற்குள் போன் வந்தது. செக்ரட்டரி.

"நேத்து பொழுதடைய அவன் வந்துட்டான் மேடம். கீழ நின்னு அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டான். சத்தம் போடல, திட்டல. தன்மையாத்தான் கூப்பிட்டான். அதான் எங்களுக்குப் பயமாயிட்டு."

டிரைவர்களுக்குள் பேச்சு எத்தனை வேகமாகப் போகும் என்று எனக்கு எப்படித் தெரியும். மேலே இருந்த மூன்று பெண்களும் மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தார்களாம். இது தையல் கிளாஸ் என்று செக்ரட்டரி ஏணியை மறித்து நின்றாராம். போர்டு போட்டிருந்ததாமே என்று அவன் கேட்டானாம். அந்தப் பெண் வெட்டுத்துணிக் குவியலுக்குள் படுத்திருந்தாள். அவன் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். விடிவதற்குள் அவளை அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள்.

ஆட்டோ பிடித்து தாராவிக்கு ஓடினேன். செக்ரட்டரி தரையில் உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உட்காருங்க மேடம் என்று பாயைத் தள்ளிப் போட்டார்.

"அவ எங்கே இருக்கா?"

"நல்லாருக்கா."

"அது சரி, எங்கேன்னு சொல்லுங்கோ."

கத்தரி நிற்கவில்லை. "உங்கள்ட்ட சொன்னா நீங்க எங்கயாவது எழுதி வச்சிருவிய, மேடம்."

குத்திக் காட்டச் சொன்னதில்லை அது. மழைக்குக் குடை எடுத்துப் போங்கள் என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அதன் பிறகு பல மாதங்கள் பேப்பரில் தேவ்நார், கோவண்டி என்று ஊர்ப் பெயரைப் பார்த்தாலே மற்ற பக்கங்களைத் தள்ளி வைத்துவிடுவேன். செய்தியை முழுதாகப் படித்து, வயது பார்த்து, அவள் இல்லை என்று தெரிந்தால்தான் மூச்சு வரும். செக்ரட்டரியின் போன் வந்தால் எடுக்கப் பயம், வராவிட்டாலும் பயம்.

இன்று எங்கள் நிதியத்தில் போர்டு விதி இல்லை. அதை எடுக்க வைக்க நான் ஒவ்வொரு கூட்டத்திலும் வாதாடினேன். வெளியே தெரியக்கூடாத எதையும் எழுத வேண்டாம் என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறோம். தாராவியில் பல பெண்களின் பொறுப்பில் கை மாறி அந்தக் குழு இன்னும் நடக்கிறது. செக்ரட்டரி இப்போது நெருளில் மகன் வீட்டில் இருக்கிறார். இந்த ஆண்டுகளில் நாங்கள் நெருங்கிவிட்டோம். தன் கர்ப்பப்பை ஆபரேஷனை முதலில் சொன்னது என்னிடம். மருமகளோடு மனஸ்தாபம் என்றாலும் எனக்குத்தான் போன். அந்தப் பெண்ணைப் பற்றி மட்டும் ஒரே பதில். நல்லாருக்கா. உண்மையிலேயே நன்றாக இருக்கிறாளா, என் வாயை அடைக்கச் சொல்கிறாரா, அவருக்கே தெரியாதா, எனக்குத் தெரியவில்லை.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். டீ குடித்துக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல் ஆரம்பித்தேன். இப்போது போர்டும் இல்லை, நான் யாரைப் பற்றியும் எழுதுவதும் இல்லை, இத்தனை வருஷம் ஆயிற்று, இனிமேலாவது சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எழுதுறதுக்கு இல்லைன்னா, அப்புறம் எதுக்கு மேடம் கேக்கிய?"

என் நிம்மதிக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு போட்டோ கேட்டதும் அதற்காகத்தான்.