முயல் சொல்லித்தந்த அரபு

பத்து வருடமாகக் குவைத்தில் இருக்கிறேன், அரபு தெரியாது. வெட்கத்தை விட்டு எழுத உட்கார்ந்த பிறகு மிச்சத்தை மறைப்பானேன்? புதுச்சேரியில் நான் அரபு வாத்தியாராகவும் இருந்திருக்கிறேன். இங்கே டீக்கடையில் மலையாளம், டாக்சியில் இந்தி, ஆபீசில் ஒட்டுப்போட்ட இங்கிலீஷ். அரபு என்பது, தினமும் காலையில் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கும் குவைத்திப் பெரியவர் "ஷ்லோனக்?" என்று கேட்பதோடு சரி. எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம். "அல்ஹம்துலில்லாஹ்" என்பேன். அத்துடன் என் சரக்கு தீர்ந்துவிடும்.

ஊரில் இதைச் சொன்னால் தன்னடக்கம் என்கிறார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் மாதம் தவறாமல் பென்ஷன் வாங்குவதைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. அயல்பாஷை தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான் என்பது எங்கள் நெல்லித்தோப்பின் நம்பிக்கை. நாலைந்து வருடம் முன்பு, எண்பத்தைந்து வாக்கில், விடுமுறைக்குப் போனபோது ஒரு வீடியோ டெக்கும், குழந்தைகளுக்கான அரபு பொம்மைப்பட கேசட்டுகளும் கொண்டுபோனேன். "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிக்குடு சார்" என்றார்கள். மறுக்க மனம் வரவில்லை. பெருமை வேறு.

பொத்தானை அமுக்குவதுதான் என் போதனை. திரையில் ஒரு முயல் கேரட்டைத் தூக்கிப் பிடித்து, "மா லௌனு ஹாதா?" என்று கேட்கும். இது என்ன நிறம்? பிள்ளைகள் ஓடு அதிரக் கூவுவார்கள். அந்த முயல் பேசியது ஏட்டு அரபு, குவைத்தில் ஒருவரும் வீட்டில் பேசாதது என்று எனக்கே பிற்பாடுதான் தெரிந்தது. குருசுக்குப்பத்து மீன்காரம்மாவிடம் போய், "அன்னையே, இம்மீனின் விலை யாது?" என்று கேட்கப் பழக்கிய மாதிரி.

ஒன்பதாவது படித்த விஜயா முயலையே மிஞ்சினாள். அவள் அப்பா ஏழுமலைக்கு, மில் மூடியதிலிருந்து வேலையில்லை. வீட்டில் அடுப்பு ஒருவேளைதான் எரிந்தது. தோட்ட வேலைக்கு ஆள் எடுக்க ஒரு குவைத்தி கடற்கரை ஓட்டலில் வந்து இறங்கியதும், மகளையே துபாஷியாகக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் போனேன். "கூட ஒருத்தர்தான்" என்று ஏஜெண்ட் என்னை வாசலில் நிறுத்தினான். ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

குவைத்தி சிரித்த முகமாக, "ஷ்லோனக்?" என்றார்.

கேசட்டில் அந்தச் சொல் இல்லை. விஜயா ஒரு கணம் யோசித்தாள். லோன் என்றால் முயல் கேட்ட லௌன், நிறம்.

"ஒன் நெறம் என்னன்னு கேக்குறாருப்பா."

ஏழுமலை தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கறுப்புதான்னு சொல்லும்மா. வெயில்ல நின்னா இன்னும் கறுக்கும், வேலைக்கு ஒண்ணும் கொறை வராதுன்னு சொல்லு."

"ஹுவ அஸ்வத், யா சய்யிதீ!" இவர் கறுப்பர், என் தலைவரே! முயலின் குரலிலேயே சொன்னாள்.

"ஐயோ, நல்லா இருக்கியான்னு கேக்குறாரும்மா!" என்று கத்தினேன். "யோவ், கம்முனு இரு" என்று ஏஜெண்ட் ஜன்னலைச் சாத்தினான். உள்ளே ஒரு குவைத்தி, ஒரு புதுச்சேரிக்காரர். இரண்டிலும் பாதிப் பாதியான நான் வெளியே.

குவைத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாராம். பக்கத்து அறை நண்பரைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னாராம். விஜயாவுக்குக் கை நிறைய சாக்லேட். அடுத்துப் போனவர் வாயே திறக்காமல் ஒரு கும்பிடு போட்டார். வேலை அவருக்கு.

தெருவுக்கு வந்ததும் விஜயா, "அந்த ஆளுக்கு அரபு சரியா வரல சார்" என்றாள்.

"எல்லாம் என்னாலதான் ஏழுமலை" என்றேன்.

அவருக்குக் கோபமே இல்லை. "உடு சார். ரெண்டு மாசம் இருந்துட்டுப் போற வெளிநாட்டுக்காரரு நீ, ஒன்னச் சொல்லி என்ன?"