குளத்துப் பாசியில் ஓடிய ஜானவாசக் கார்

கரி வாயுவில் வாடகைக் கார் ஓட்டுவதென்றால், எரிகிற அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது என்று அர்த்தம். பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த யுத்த நாளில் மதராஸில் காரில் போனவர்கள், போகிறேன் என்று கிளம்பி இறங்கித் தள்ளியவர்கள், புகையில் வேட்டி கறுத்தவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தாம். உங்களிடம் சொல்லி அழாமல் வேறு யாரிடம் சொல்வது?

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. பேர் முனுசாமி. ஜட்கா ஓட்டி, குதிரையை விற்று, மேல்மூடி மடக்குகிற பழைய கார் ஒன்றை வாங்கியவன். பேரம் பேசாமல் ஒரு முழம் கயிறுகூட வாங்கியதில்லை. கோபம் மட்டும் எனக்குப் பேரமில்லாமல் வரும்.

பாலம் ஏறிய கதை

காருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம். அதில் சவுக்குக் கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஊத வேண்டும். குழாய் முனையில் தீக்குச்சியைக் காட்டினால் நீலமாக எரிய வேண்டும். அது எரிகிறவரைக்கும் சவாரி ஏறியவர் உள்ளே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மயிலாப்பூர் வக்கீல் மாமா என் பழைய வாடிக்கை, ஜட்கா காலத்திலிருந்தே. ஒருநாள் அடையாறுக்குக் கூட்டிப்போனேன். பாலத்து ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. இறங்கிக் கொஞ்சம் கை கொடுங்கள் என்றேன். மனுஷர் அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினார். மேலே வந்ததும் கைக்கரியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா முனுசாமி, காரை நான் வாடகைக்கு எடுத்தேனா, இல்லே கார் என்னை எடுத்துதா?"

விறகுத் தொட்டியில்

அந்த மாமாவே தன் பெண்ணின் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு, அதாவது ஜானவாசத்துக்கு, என் காரைத்தான் சொன்னார். திறந்த காரில் மாப்பிள்ளையை உட்காரவைத்து மாட வீதி நாலும் சுற்றி வர வேண்டும். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மயிலாப்பூரே பார்க்கிற ஊர்வலம். அதில் வண்டி நின்றால் அப்புறம் ஒருத்தர் கூப்பிட மாட்டார்கள். வண்டியை விற்றுவிட்டுப் பழையபடி லகானைப் பிடிக்க வேண்டியதுதான். ஜட்கா ஸ்டாண்டில் பழைய சிநேகிதர்கள் அதற்காகவே எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, விறகும் கரியும் விற்கிற தொட்டிக்காரர் நனைந்த கரியை மூட்டை கட்டிக் கொடுத்தார். நான் பேசியது காய்ந்த கரிக்கு. மூட்டையை அவர் தராசு மேலேயே கவிழ்த்தேன். தராசுச் சங்கிலி அறுந்தது. கரிக்கு ஊரெல்லாம் தட்டுப்பாடு, மயிலாப்பூரில் அதை விற்கிறவர் அவர் ஒருத்தர்தான் என்பது சங்கிலி அறுந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. இனி உனக்கு ஒரு துண்டு கரி கிடையாது என்றார். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பவும் செய்தார்: "இம்மாங் கோவம் கீதே நைனா, அத்த டிரம்முல போட்டு ஓட்டிக்கோ."

ஜாடியில் வளர்ந்த எண்ணெய்

தெருவில் நின்று நான் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டு நின்றவர் சூசை மாஸ்டர். சாந்தோம் பக்கம் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுப்பவர். பாசி இருக்கிறதே, அது வெயிலைத் தின்று உடம்பில் எண்ணெயாகச் சேர்த்துக்கொள்கிற உயிர், வெளிநாட்டில் அதிலிருந்து எண்ணெய் எடுக்கப் பார்க்கிறார்கள் என்று விளக்கினார். அவரே ஜாடி ஜாடியாகப் பாசி வளர்த்துவந்தார். கொசு வருகிறது, தூக்கி எறியுங்கள் என்று பள்ளிக்கூடத்தில் நெருக்கடி. எத்தனை எண்ணெய் எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஒரு விளக்குத் திரி நனைகிற அளவுக்கு என்றார். எண்ணெய் எடுக்க வேண்டாம், பாசியையே காயவைத்து எரிப்போம் என்றேன் நான்.

கோயில் குளம் அப்போது பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி கிடந்தது. அள்ளிக்கொள் என்றார் கோயில் கணக்கர். சும்மா அள்ளுவேனா? குளத்தைச் சுத்தம் செய்து தருகிற கூலி என்று பேரத்தை ஆரம்பித்து, மூன்று நாளைக்கு எனக்கும் மாஸ்டருக்கும் மத்தியானப் புளியோதரையில் முடித்தேன். கணக்கர் மடைப்பள்ளிக்குச் சொல்லியனுப்பிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "அழுக்கை எடுத்துண்டு போறதுக்கு அன்னமும் கேக்கறவனை இப்பதான் பாக்கறேன்."

குப்பத்து மணலில்

ஈரப் பாசியைக் காயவைக்க வெயிலும் மணலும் வேண்டும். கடற்கரைக் குப்பத்தில் அஞ்சலை கருவாடு போடுகிறவள். வாய் என்னைவிடப் பெரிது. வண்டி ஓட ஆரம்பித்ததும் அவள் கூடைகளை ஒரு வாரம் மார்க்கெட்டில் இறக்குகிறேன், பாசியை அவள் தன் பாய்களிலேயே பரப்பிப் புரட்டித் தர வேண்டும் என்று முடிவானது. காய்ந்ததை அவளே சாக்கில் அள்ளிக் கட்டிக் கொடுத்தாள். என் வீட்டில் மூலையில் கிடந்த கரித்தூளோடு கலந்து, கஞ்சி விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்தோம். மாஸ்டர் ஒவ்வொரு உருண்டையையும் முட்டை மாதிரி கையாண்டார்.

சோதனை ஓட்டத்தன்று சாந்தோமிலிருந்து அடையாறு பாலம் ஏறி, இறங்கி, திரும்பியும் வந்துவிட்டோம். யாரும் தள்ளவில்லை. பாலத்து உச்சியில் மாஸ்டர் ஓடுகிற வண்டியிலேயே எழுந்து நின்று தொப்பியை வீசினார். தொப்பி ஆற்றோடு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குப்பத்தில் வந்து இறங்கியதும் அஞ்சலை மூக்கில் விரல் வைத்தாள்: "குளத்து அழுக்கு அடையாறு வரிக்கும் போய் வந்துச்சா? நான் கட்டிக்கினவன் கடைத்தெரு வரிக்கும் போமாட்டேங்கறான்."

மாட வீதியில் பூனைகள்

ஜானவாசத்தன்று சாயங்காலம் டிரம் நிறைய உருண்டை. முன்னால் நாகஸ்வரம், இரண்டு பக்கமும் காஸ் விளக்கு, காரில் கோட்டு சூட்டோடு மாப்பிள்ளை. கரி வண்டியை வேகமாக ஓட்டுவது சுலபம், ஊர்வலத்தில் நகர்த்துவதுதான் கஷ்டம். எஞ்சின் இழுக்க இழுக்கத்தான் டிரம்மில் நெருப்பு கனியும். நாகஸ்வரக்காரர் ராகத்தை நிதானமாக விரித்தபோதெல்லாம் சீக்கிரம் முடியுங்கள் சாமி என்று முணுமுணுத்தேன். ஆனால் எஞ்சின் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

தெற்கு மாட வீதி திரும்பும்போதுதான் வாடை கிளம்பியது. மத்திக் கருவாட்டு வாடை. அஞ்சலை பாசியையும் கருவாட்டையும் ஒரே பாயில் புரட்டி, ஒன்றாகவே அள்ளியிருக்கிறாள். நானும் விளக்குகூடப் போடாமல் பிசைந்திருக்கிறேன்; சோதனை ஓட்டத்தில் வந்த வாடையைக் குப்பத்து வாடை என்று நினைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். கச்சேரிக்கு வந்த மாதிரி ஏழெட்டுப் பூனைகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஊர்வலத்தின் கடைசியில் வந்துகொண்டிருந்தன. சம்பந்தி வீட்டுப் பெரியவர் அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு இதென்ன என்று கேட்டார். வக்கீல் மாமா முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல், யுத்தத்துக்காகச் சீமையில் புதிதாகக் கண்டுபிடித்த எரிபொருள், இன்னும் வாசனை சேர்க்கவில்லை என்றார். நிறுத்திவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். மாமா சந்தனக் கிண்ணத்தை என் மூக்குக்கு நேரே நீட்டிக் குனிந்தார்: "நின்னு மானம் போறதுக்கு நாறிண்டே போறது தேவலை. ஓட்டு."

நாலு வீதியும் ஓட்டினேன். வண்டி நிற்கவில்லை. பூனைகளும் நிற்கவில்லை.

மாஸ்டரின் மறு சோதனை

கல்யாணம் முடிந்ததும் மாஸ்டர், கருவாடு சேராத சுத்தமான பாசியில் இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்றார். பார்த்தோம். சாந்தோம் திருப்பம் தாண்டவில்லை. அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். மனுஷர் சாலையோரம் குந்தி யோசித்துவிட்டுக் கைதட்டினார். மத்தி தின்பதே கடலில் மிதக்கிற பொடிப் பாசியைத்தான். அதன் கொழுப்பெல்லாம் அந்தப் பாசி சேர்த்த எண்ணெய். ஆகவே வண்டி ஓடியது பாசியில்தான், நடுவில் ஒரு மீன் வந்துவிட்டது, அவ்வளவே என்றார். ஜாடிகளை எறியப்போவதில்லை, உப்புத் தண்ணீர் ஊற்றப்போகிறேன் என்று கிளம்பினார். பாயை உதறிக்கொண்டிருந்த அஞ்சலை அவரை நிறுத்திச் சொன்னாள்: "அத்த மொதல்லயே என்னாண்ட கேட்டுக்கினா இன்னா மாஸ்டரு? பாசி அள்ற வேலைய மீனு எப்பவோ எடுத்துக்கிச்சு."

தராசுக்காரர் வந்தார்

மிச்சமிருந்த கருவாட்டு உருண்டைகளில் நான் இரண்டு நாள் ஓட்டினேன். வேண்டுமென்றே வண்டியை விறகுத் தொட்டி வாசலில் நிறுத்தித்தான் பற்றவைப்பேன். மூன்றாம் நாள் தொட்டிக்காரரே காய்ந்த சவுக்குக் கரி இரண்டு மூட்டையைத் தூக்கிவந்து என் காரில் வைத்தார். பழைய விலைதானே என்று கேட்டேன். சங்கிலியையும் நானே மாட்டித் தருகிறேன் என்றேன். அவர் மூக்கிலிருந்து துண்டை எடுக்காமலே சொன்னார்: "இன்னா வெலை வேணா குடு, நைனா. வூட்ல சோறு துன்ன முடியல."

யுத்தம் ஓய்ந்து டிரம்மைக் கழற்றிப் போட்டுவிட்டேன், கோபத்தையும் பாதி கழற்றிவிட்டேன், ஆனால் தெற்கு மாட வீதிப் பூனைகள் மட்டும் இன்னும் என் காரைக் கண்டால் மரியாதையாக எழுந்து நிற்கின்றன.