தேதி தவறாதவள்

மெத்தைக்கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது என்பது கடைத்தெருவுக்கே தெரியும். இந்தத் தலையணை உங்கள் கழுத்துக்கு ஆகாது என்று, வாங்க வந்த ஆளையே திருப்பி அனுப்புகிறவர். அப்படிப்பட்டவர் ஒரு பொய் சொன்னபோது அது அப்படியே எடுபட்டதற்கும் அந்தப் பேர்தான் காரணம்.

கடைக்கு வெப்சைட் செய்ய ஆள் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதலில் வந்தவன் மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கடற்கரைப் படத்தைப் போட்டுவிட்டுக் காணாமல் போனான். அடுத்தது மனைவியின் தம்பி. எட்டு மாதம் இழுத்தான். கேட்டால், "கலர்தான் மாமா இடிக்குது" என்பான்.

மூன்றாவதாக வந்தவள் கம்ப்யூட்டரையே திறக்கவில்லை. ஒரு நாள் முழுக்கக் கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று எழுதிக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு வேலைக்கு வந்துச்சா, வேடிக்கை பாக்க வந்துச்சா?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் செய்த பக்கத்தைத் திறந்தால் முதலில் மெத்தை வரவில்லை, 'எங்கே வலிக்கிறது?' என்ற கேள்வி வந்தது. கழுத்தைத் தொட்டால் கழுத்துக்கானது, இடுப்பைத் தொட்டால் இடுப்புக்கானது. சொன்ன தேதியில் முடித்தும் கொடுத்தாள். அதன்பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் மதியம் ஒரு கண்ணாடிக்கடைக்காரர் போன் செய்தார். "நாலு கிளை இருக்கு சார். அவங்கள எங்க வேலைக்கே முழுசா எடுத்துக்கலாம்னு பாக்குறோம். விசாரிக்கச் சொல்லி உங்க நம்பர் கொடுத்தாங்க. எப்படி, நம்பலாமா?"

'முழுசா' என்ற இடத்திலேயே மெத்தைக்கடைக்காரர் நின்றுவிட்டார். அப்புறம் நம்முடையதை யார் பார்ப்பது? அந்தக் கடற்கரை கண்முன் வந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான்," என்றார். "தேதிதான் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்."

உறைத்துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவியின் கத்தரி நின்றது. "அது எந்தத் தேதியைத் தவறவிட்டுச்சு? நீங்கதான் படம் எடுத்துத் தராம மூணு வாரம் அலையவிட்டீங்க."

"சும்மா இரு."

"இருக்கேன். எனக்கென்ன."

அந்த வாரம் யாராவது "இந்தத் தலையணை நல்லதா?" என்று கேட்டால் அவருக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் வழக்கம்போல் வந்து லேப்டாப்பைத் திறந்தாள். "கண்ணாடிக்கடை வேலை கிடைக்கலண்ணே. தேதி தவறும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். மூணு பேர் நம்பர் கொடுத்திருந்தேன். நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க. ஒரு பள்ளிக்கூட வேலை, பையனுக்குக் காய்ச்சல்னு நாலு நாள் தள்ளிப்போச்சு. அவங்களாத்தான் இருக்கும். தப்பு என்மேலதான்."

மனைவி துணியிலிருந்து தலை நிமிரவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மெத்தைக்கடைக்காரர் போனை எடுத்து, அவள் முன்னாலேயே கண்ணாடிக்கடைக்காரரை அழைத்தார். "சார், அன்னைக்கு நான் சொன்னது பொய். அந்தப் பொண்ணு எங்களுக்கு ஒரு தேதிகூடத் தவறினதில்ல. எங்க வேலை நின்னுடுமேன்னு சொல்லிட்டேன்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றதா?" என்றார் அவர். "எப்படியும் வேற ஆள் எடுத்தாச்சு சார்."

போனை வைத்தார். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடும்மா."

"வேலை இருக்குண்ணே." தட்டச்சுச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு லேப்டாப்பை மூடினாள். "பாஸ்வேர்டு, எதை எங்க மாத்தணும், எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதித் தந்துடறேன். வெள்ளிக்கிழமை பத்து மணி. வேற ஆள் பாத்துக்கங்க."



வெள்ளிக்கிழமை காலை, அவள் ஒரு மணி நேரமாவது தாமதமாக வரட்டும் என்று மனசு ஆசைப்பட்டது. அப்படி ஆசைப்பட்டதற்கும் வெட்கமாக இருந்தது. பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஷட்டரைத் தூக்கினார்.

நோட்டோடு வாசலில் நின்றிருந்தாள்.