அக்காவை உள்ளே விடலாமா?

பயணத்தடை தளர்ந்ததும், கொவிட் வார்டில் நர்ஸாக இருக்கும் அக்கா இன்று கொட்டாஞ்சேனையிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தார். மாதக்கணக்கில் அவரை வீடியோவில்தான் பார்த்தோம்.

"ரெண்டு ஊசியும் போட்டாச்சு. உள்ள வரட்டே?"

காலையில் டிவியில் ஒரு டொக்டர், ரெண்டு ஊசி போட்டவர்களுக்குக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்றார். மற்றவர் கூடவே கூடாது என்றார். உள்ளே இரத்தத்தில் சீனி கூடிய சலரோகக்கார அம்மா. அவருக்கு ஒரு ஊசிதான் கிடைத்திருக்கிறது.

"நீங்கள்தானே நர்ஸ். நீங்களே சொல்லுங்கோவன்," என்றேன்.

"எனக்கும் விளங்கேல்லையடா," என்றார்.

அதற்குள் அம்மா வந்து, "பிள்ளையை வாசலில வச்சு என்னடா கதை?" என்று அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

இப்போது இருவரும் குசினியில் சமைத்தபடி சிரிக்கிறார்கள். நான் ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மாஸ்க்கோடு ஹோலில் இருக்கிறேன். சந்தோஷமா, பயமா என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டுத் தளர்வுகளை யார் அறிவிக்கிறார்கள்?